இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு விடுமுறைப் பத்திரிகைப் பட்டறை: கோலாலம்பூரில் முதன்முறை நடத்துவோருக்கு

படிவம் 2 முதல் 4 வரை படிக்கும் மாணவர்களுக்குப் பள்ளி விடுமுறையில் ஐந்து நாள் தமிழ்ப் பத்திரிகைப் பட்டறை நடத்த நினைக்கிறீர்களா? ஆசிரியராக இருக்கலாம், ஆலய இளைஞர் பிரிவாக இருக்கலாம், வாசகர் வட்டமாக இருக்கலாம். மனம் இருந்தும் பலர் தடுக்கி விழுவது கடிதங்களிலும் தேதிகளிலும் அச்சுக் கடையிலும்தான். அந்த இடங்களை எல்லாம் இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறோம். எல்லாக் கணக்கும் 20 மாணவர், 7 பெரியவர் என்ற அளவுக்குப் போட்டது.

ஒன்றை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஐந்தாம் நாள் மாலை ஒவ்வொரு மாணவர் கையிலும் தன் பெயர் போட்ட செய்தியோடு 8 பக்க இதழ் இருக்க வேண்டும். சொற்பொழிவு கேட்டுச் சான்றிதழ் வாங்கிப் போகும் பட்டறையில் பிள்ளைகளுக்கு எதுவும் ஒட்டாது. அச்சு நாளை முதலில் குறித்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

1. தேதியைப் பூட்டுங்கள் (12 வாரம் முன்பு)

2026 முதல் பள்ளி ஆண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குகிறது. நடு ஆண்டு விடுமுறை மே இறுதியில் தொடங்கி ஜூன் முதல் வாரத்தைத் தொடும். பட்டறைக்கு அதுதான் நல்ல காலம். ஆண்டு இறுதி விடுமுறையில் குடும்பங்கள் ஊருக்குப் போய்விடும். படிவம் 5 மாணவர்களை நாம் சேர்க்காததற்கு எஸ்.பி.எம். தேர்வே காரணம். ஆர்வத்தில் பெயர் கொடுத்துவிட்டு மூன்றாம் நாள் டியூஷனுக்குப் போய்விடுவார்கள்.

விடுமுறையின் முதல் வாரத்தைத் தவிர்த்து, இரண்டாம் வாரம் செவ்வாய் முதல் சனி வரை வையுங்கள். ஜூன் மாதத்தின் முதல் திங்கட்கிழமை மாமன்னரின் பிறந்தநாள் விடுமுறை. அன்று அலுவலகங்கள் இயங்கா. சனிக்கிழமை முடித்தால் வேலைக்குப் போகும் பெற்றோரும் நிறைவு நிகழ்ச்சிக்கு வர முடியும். விசாக தினமும் ஹஜ்ஜுப் பெருநாளும் அந்த ஆண்டு எப்போது வருகின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2. கடிதங்களும் ஆவணங்களும் (10 வாரம் முன்பு)

எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது ‘கெர்தாஸ் கெர்ஜா’, அதாவது நிகழ்ச்சித் திட்ட அறிக்கை. நான்கு பக்கம் போதும்: நோக்கம், தேதி, இடம், மாணவர் எண்ணிக்கை, நாள்வாரி அட்டவணை, வரவு செலவு, ஏற்பாட்டுக் குழுவின் பெயர்ப் பட்டியல். இதையும் எல்லா அலுவல் கடிதங்களையும் மலாயில் எழுதுங்கள். பட்டறை தமிழில் நடந்தாலும் கோப்பைப் பார்க்கும் அதிகாரி தமிழ் படிக்காதவராக இருப்பார். தமிழில் கொடுத்த கடிதம் மேசையிலேயே கிடந்துவிடும்.

கடிதம் பதிவு பெற்ற சங்கத்தின் பெயரில் போக வேண்டும். தனிநபர்கள் சேர்ந்து நடத்துவதாக இருந்தால், சங்கப் பதிவிலாகாவில் பதிந்த ஓர் ஆலயத்தையோ இயக்கத்தையோ இணை ஏற்பாட்டாளராக்கிக்கொள்ளுங்கள். நன்கொடையும் அந்தச் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கே போகட்டும். ஒருவரின் சொந்தக் கணக்கில் 500 ரிங்கிட் விழுந்தாலும் பின்னர் மனக்கசப்பில் முடியும்.

பள்ளிக் கட்டடத்தில் நடத்துவதாக இருந்தால் தலைமையாசிரியர் வாய்மொழியாகச் சரி என்றது போதாது. கல்வி இலாகாவின் எழுத்து அனுமதி தேவையா என்று அவரிடமே கேட்டு, தேவையானால் அவர் வழியாகவே விண்ணப்பியுங்கள். பதில் வர ஒரு மாதம் ஆகலாம்.

செய்தி அறையைப் பார்வையிட விரும்பினால் அதற்கும் இப்போதே எழுதுங்கள். தமிழ் நாளிதழோ அங்காசாபுரியில் உள்ள வானொலியோ, எதுவானாலும் வருவோரின் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் முன்கூட்டியே கேட்பது வழக்கம். நாளிதழ் அலுவலகத்துக்குக் காலையில் போனால் காலி நாற்காலிகளைத்தான் பார்ப்பீர்கள். பிற்பகல் 3 மணிக்கு மேல் போங்கள்.

பெற்றோர் படிவம்தான் மிக முக்கியமான ஆவணம். தமிழிலும் மலாயிலும் அடியுங்கள். அதில் இருக்க வேண்டியவை:

- அடையாள அட்டையில் உள்ளபடி மாணவர் பெயர், படிவம், பள்ளி
- இரண்டு அவசரத் தொலைபேசி எண்கள், இரண்டும் வெவ்வேறு நபருடையவை
- ஆஸ்துமா, வலிப்பு, உணவு ஒவ்வாமை, தினமும் உண்ணும் மருந்து
- பிள்ளையை யார் வந்து அழைத்துச் செல்வார், அல்லது தானே ரயிலில் போகலாமா
- வெளியே களப்பணிக்குச் செல்ல ஒப்புதல்
- படத்தையும் பெயரையும் வெளியிட ஒப்புதல்

கடைசி இரண்டுக்கும் தனித்தனிக் கையெழுத்து வாங்குங்கள். ‘எல்லாவற்றுக்கும் சம்மதம்’ என்று ஒரே வரியில் வாங்கினால், படம் வேண்டாம் என்று நினைக்கும் தாய் முழுப் படிவத்தையும் திருப்பித் தந்துவிடுவார். கையெழுத்து பெற்றோருடையதாகவோ சட்டப்படியான பாதுகாவலருடையதாகவோ இருக்க வேண்டும். அக்காள் போட்டுக் கொடுத்ததை வாங்காதீர்கள். அடையாள அட்டை நகல் கேட்டால் அதன் குறுக்கே ‘இப்பட்டறைக்கு மட்டும்’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

3. பிள்ளைகளின் பாதுகாப்பு

இங்கே தயவு தாட்சண்யம் பார்க்கக் கூடாது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களோடு ஐந்து நாள் பழகப் போகும் பெரியவர் ஒவ்வொருவரையும், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், சரிபார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு எதிரான குற்றங்களில் தண்டனை பெற்றவர்களின் பதிவேடு சமூக நல இலாகாவிடம் உள்ளது. பயிற்றுநர், தொண்டூழியர் எல்லாருடைய ஒப்புதலையும் வாங்கி, அதில் சரிபார்க்க விண்ணப்பியுங்கள். நான்கு வாரமாவது ஒதுக்குங்கள். ஒருவர் இதற்கு மறுத்தால் அவர் எத்தனை பெரிய எழுத்தாளராக இருந்தாலும் வேண்டாம்.

விதிகள் சுருக்கமானவை. ஒரு பெரியவரும் ஒரு மாணவரும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. பயிற்றுநர் மாணவருக்குத் தனியாகப் புலனத்தில் (வாட்ஸ்அப்) செய்தி அனுப்பக் கூடாது. குழுவில்தான் பேச வேண்டும், குழுவில் பெற்றோரும் இருக்க வேண்டும். பிள்ளை ஏதேனும் தொல்லையைச் சொன்னால் கேட்டதை அப்படியே எழுதி வைத்து, உடனே தாலியான் காசே உதவிச் சேவையின் 15999 எண்ணுக்கோ காவல் துறைக்கோ தெரிவியுங்கள். 2017ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டத்தின்படி, தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். ‘குடும்பப் பெயர் கெட்டுவிடும்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பள்ளிக் காப்புறுதி இதற்கும் சேரும் என்று எண்ணிவிடாதீர்கள். இது பள்ளி நடத்தும் நிகழ்ச்சி அல்ல. ஐந்து நாளுக்குக் குழு விபத்துக் காப்புறுதி தனியாக எடுங்கள். பட்டியலில் ஒரு பெயர் தவறினாலும் அந்தப் பிள்ளைக்குப் பாதுகாப்பு இல்லை. கடைசி நேரத்தில் ஆள் மாறினால் காப்புறுதிப் பட்டியலையும் மாற்றுங்கள்.

4. செலவுக் கணக்கு

கீழுள்ளவை திட்டமிடுவதற்கான தொகைகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று இடத்தில் விலை கேளுங்கள்.

- அறை: நாளுக்கு 200 ரிங்கிட், 5 நாளுக்கு 1,000
- உணவு: காலைப் பசியாறல் 4, மதியம் 9, மாலைத் தேநீர் 3, ஆக ஒருவருக்கு நாளுக்கு 16. 27 பேருக்கு 5 நாள், 2,160
- பயிற்றுநர் அன்பளிப்பு: 5 அமர்வு, தலா 200, ஆக 1,000
- அச்சு: 100 பிரதி, 400
- காப்புறுதி: தலைக்கு 10 என்று 27 பேருக்கு 270
- குறிப்பேடு, பேனா, பெயர் அட்டை: 160
- முதலுதவிப் பெட்டி, மழை அங்கி: 100
- போக்குவரத்து: 100

மொத்தம் 5,190. பத்து விழுக்காடு கைவசம் வைத்தால் ஏறக்குறைய 5,700 ரிங்கிட். அறை இலவசமாகக் கிடைத்து, பயிற்றுநர்கள் அன்பளிப்பு வேண்டாம் என்றால் 3,500 அளவில் முடிக்கலாம், தலைக்கு 175. பயிற்றுநருக்கு ஒன்றும் கொடுக்காமல் விடுவது எங்களுக்கு உடன்பாடில்லை. ஒரு செய்தியாளர் விடுப்பு எடுத்து வருகிறார், பெட்ரோல் போட்டு வருகிறார்.

முற்றிலும் இலவசம் என்று அறிவிக்காதீர்கள். இலவச நிகழ்ச்சிக்குப் பெயர் கொடுத்த 20 பேரில் முதல் நாள் 12 பேர் வந்தால் அதிகம். 50 ரிங்கிட் முன்பணம் வாங்கி, ஐந்து நாளும் வந்தவருக்குத் திருப்பிக் கொடுங்கள். பி40 எனப்படும் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைக்கு அதுவும் வேண்டாம். அந்தச் சலுகை யாருக்கு என்பது இரண்டு பேருக்கு மேல் தெரியக் கூடாது.

நன்கொடைக்குக் கூட்டுறவுச் சங்கங்கள், ஆலயங்கள், நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையம் ஆகியவற்றை அணுகலாம். கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம். இங்கே சட்டமன்ற உறுப்பினர் கிடையாது. சிலாங்கூர் மாணவர்கள் பாதிப்பேர் இருந்தால் அவர்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்கலாம்.

5. இடம்

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தைப் பரிந்துரைக்கிறோம். கே.எல். சென்ட்ரலில் கேடிஎம் கொமுட்டர், எல்.ஆர்.டி. இரண்டும் நிற்கின்றன, மோனோரெயிலும் பக்கத்திலேயே. கிள்ளான், பத்துமலை, காஜாங் பிள்ளைகள் வண்டி மாறாமல் வந்துவிடலாம். வாசலைத் தாண்டினால் செய்தி கிடைக்கும் இடமும் அதுதான்.

பெரிய மண்டபம் எடுக்காதீர்கள். 30 பேர் உட்காரும் அறை போதும். பார்க்க வேண்டியவை: நகர்த்தக்கூடிய மேசைகள், குறைந்தது 8 மின்செருகிகள், மாணவிகளுக்குத் தனிக் கழிப்பறை. ‘வைஃபை உண்டு’ என்பார்கள். இருபது கைப்பேசி ஒரே நேரத்தில் சேர்ந்தால் நின்றுவிடும். அறைக்குப் போய் நீங்களே ஐந்து கைப்பேசியை இணைத்துச் சோதியுங்கள். கையில் ஒரு தனி இணையக் கருவியும் இருக்கட்டும்.

உணவுக்கு ஒரு சொல். செவ்வாயும் வெள்ளியும் பல வீடுகளில் சைவம். அந்த இரு நாளும் எல்லாருக்கும் சைவமாகவே வைத்தால் குழப்பமில்லை. மற்ற நாள்களில் மாட்டிறைச்சி வேண்டாம். இந்திய முஸ்லிம் மாணவர் இருந்தால் ஹலால் கடையிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

6. மாணவர் தேர்வு (8 வாரம் முன்பு அறிவிப்பு, 6 வாரம் முன்பு தேர்வு)

அறிவிப்பை இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியர்கள் வழியாக அனுப்புங்கள். பல பள்ளிகளில் தமிழ் வகுப்பு பாட நேரத்துக்கு வெளியே நடப்பதால், பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் யார் கண்ணிலும் படாது.

கட்டுரைப் போட்டியில் வென்றவர்களை மட்டும் எடுக்காதீர்கள். விண்ணப்பத்தோடு 150 சொல்லில் ஒன்று எழுதச் சொல்லுங்கள்: ‘உன் வீட்டுக்கு அருகில் அண்மையில் மாறிய ஒன்று, அதைப் பற்றி இருவரிடம் கேட்டு எழுது.’ உண்மையிலேயே இருவரிடம் போய்க் கேட்டவரை எடுங்கள், எழுத்துப் பிழை பத்து இருந்தாலும். பிழையை நாம் திருத்திவிடலாம். தெரியாதவரிடம் போய்ப் பேசும் துணிவை ஐந்து நாளில் ஊட்டுவது கடினம்.

தமிழ் பேசுவார், எழுத வராது என்ற பிள்ளைகளும் வருவார்கள். தமிழ்ப்பள்ளியில் படிக்காதவர்கள். அவர்களை ஒதுக்க வேண்டாம். படம் எடுக்கவும் பேட்டியைப் பதிவு செய்யவும் ஒரு குழுவுக்கு ஒருவராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். காத்திருப்புப் பட்டியலில் 4 பேர் இருக்கட்டும்.

புறப்பாடப் புள்ளி கிடைக்குமா என்று பெற்றோர் கட்டாயம் கேட்பார்கள். வாக்குக் கொடுக்காதீர்கள். அதை முடிவு செய்வது பள்ளி. சான்றிதழில் தேதி, மொத்தப் பயிற்சி மணி, சங்கத்தின் பதிவு எண் மூன்றும் இருக்கும் என்று மட்டும் சொல்லுங்கள்.

7. கருவிகள்

நான்கு பேருக்கு ஒரு மடிக்கணினி. மற்றபடி கைப்பேசியே போதும். தமிழ்த் தட்டச்சுதான் நேரத்தைத் தின்னும். ஆண்டிராய்டு கைப்பேசியில் செல்லினம் என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலியை வீட்டிலேயே பதிவிறக்கி வரச் சொல்லுங்கள். ஐபோனில் அஞ்சல், தமிழ்99 விசைப்பலகைகள் முன்னரே இருக்கின்றன. அமைப்புகளில் போய்ச் சேர்த்தால் போதும். மாணவர்கள் ரோமன் எழுத்தில் தமிழை அடித்தே பழகியவர்கள். அவர்களுக்கு அஞ்சல் முறை அரை மணி நேரத்தில் கைவந்துவிடும். முதல் நாள் காலையிலேயே அந்த அரை மணியைக் கொடுத்துவிடுங்கள்.

8. ஐந்து நாள் எப்படி ஓட வேண்டும்

செவ்வாய்: செய்தி என்றால் என்ன, யார்-என்ன-எங்கே-எப்போது-ஏன்-எப்படி, பேட்டிப் பயிற்சி. மாலைக்குள் நால்வர் கொண்ட ஐந்து குழுக்களும் குழுவுக்கொரு செய்தியை முடிவு செய்து, சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குக் கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பிவிட வேண்டும்.

புதன்: காலை களம், பிற்பகல் குறிப்புகளைத் தட்டச்சு செய்தல். வியாழன்: காலை விடுபட்டவர்களைத் தேடிப் போதல், பிற்பகல் செய்தி அறை. வெள்ளி: எழுத்து, திருத்தம், பக்க அமைப்பு, மாலை 5 மணிக்கு எல்லாப் பக்கமும் பூட்டப்படும். சனி: காலை மாதிரிப் பிரதி, மதியம் அச்சு, 3 மணிக்குப் பெற்றோர்.

திறப்பு விழா வைக்காதீர்கள். பிரமுகர் 10 மணிக்கு வருவதாகச் சொல்லி 11.30க்கு வந்தால் முதல் நாளின் பாதி போயிற்று. அவரைச் சனிக்கிழமை அழையுங்கள், பிள்ளைகளின் இதழை அவர் கையில் கொடுங்கள். அவருக்கும் அதுதான் மரியாதை.

ஒரு பயிற்றுநர் ஒரே மூச்சில் 40 நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது. இதை அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

9. களத்தில்

நான்கு மாணவருக்கு ஒரு பெரியவர் என ஐந்து குழு, இருவர் அறையில். நேரம் காலை 8.30 முதல் 11.30 வரை. பிற்பகலில் இடியோடு கொட்டும் மழைக்கு முன் திரும்பிவிடலாம். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரம்; அலுவலகங்களும் பல கடைகளும் மூடியிருக்கும். அன்று யாரையும் சந்திப்பதாகத் திட்டம் போடாதீர்கள்.

மாணவரின் பெயர் அட்டையில் ‘மாணவர், பயிற்சிப் பட்டறை’ என்று மட்டும் போடுங்கள். ‘செய்தியாளர்’ என்று போட்டுக் கொடுப்பது பெரிய தவறு. அதிகாரப்பூர்வ ஊடக அட்டை தகவல் இலாகா கொடுப்பது. பிள்ளைகள் தங்களை யார் என்று சொல்லிக்கொள்கிறார்கள் என்பதிலிருந்தே நேர்மை தொடங்குகிறது.

செய்தி சிறியதாக, எண்ணிப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். ‘போதைப்பொருள் ஒழிப்பு’ மூன்று மணி நேரத்தில் எழுதும் செய்தி அல்ல. ஓர் எடுத்துக்காட்டு: பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றோர் பலர் வாழ்கிறார்கள், மலேசியப் பார்வையற்றோர் சங்கமும் அங்கேதான் உள்ளது. நடைபாதைகளில் அவர்கள் கால் வைத்து உணர்ந்து நடக்க மேடு வைத்த மஞ்சள் ஓடுகள் பதித்திருக்கிறார்கள். ஜாலான் துன் சம்பந்தனில் அந்த ஓட்டின்மேல் என்னென்ன நிற்கின்றன? மோட்டார் சைக்கிள், கடைப் பலகை, பூச்சட்டி, உடைந்த ஓடு. நான்கையும் நான்கு நெடுவரிசையாகக் குறிப்பேட்டில் கோடு போட்டுக்கொண்டு, ஒரே தூரத்தை 8.30க்கு ஒருமுறை, 11 மணிக்கு ஒருமுறை நடந்து எண்ண வேண்டும். இருவர் தனித்தனியாக எண்ண வேண்டும். இரு எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் மறுபடி நடக்க வேண்டும். செய்தியின் முதுகெலும்பு அந்த எண்தான்.

பிறகு அந்த ஓட்டில் நடப்பவரிடம் பேச வேண்டும். கண் தெரியாதவரிடம் பெயர் அட்டையை நீட்டிப் பயனில்லை. கையைப் பிடிக்கக் கூடாது. அருகே போய், ‘ஐயா வணக்கம், என் பெயர் இது, இன்ன பள்ளி, என்னோடு மூன்று மாணவர்களும் ஓர் ஆசிரியரும் நிற்கிறார்கள்’ என்று எத்தனை பேர் இருக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பதிவு செய்வதானால் பொத்தானை அழுத்துவதற்கு முன் சொல்ல வேண்டும். எழுதிக்கொண்டதை அங்கேயே அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

அடுத்து, பொறுப்பானவரின் பதில். நடைபாதை மாநகர் மன்றத்தைச் சேர்ந்தது. செவ்வாய் மாலை அனுப்பிய மின்னஞ்சலுக்கு வெள்ளி 5 மணிக்குள் பதில் வரவில்லை என்றால், ‘விளக்கம் கேட்டிருந்தோம், அச்சுக்குப் போகும்வரை கிடைக்கவில்லை’ என்று அப்படியே எழுதுங்கள். அலட்சியம், மெத்தனம் என்று பழி சொல்லும் சொல் எதையும் சேர்க்க வேண்டாம்.

பெயர் வாங்குவதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. பேசியவரின் பெயரை ரோமன் எழுத்தில் அவரையே எழுதச் சொல்லுங்கள். தமிழில் எப்படி எழுதுவது என்று தமிழர் என்றால் கேளுங்கள். சீனப் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் வரும். டத்தோ, டத்தோஸ்ரீ, டான்ஸ்ரீ மூன்றும் வெவ்வேறு. மாற்றிப் போட்டால் மறுநாள் தொலைபேசி வரும்.

படம் எடுக்கும்போது காவல் நிலையம், பாதுகாக்கப்பட்ட இடம் என்று பலகை வைத்த கட்டடம், மருத்துவமனை உள்பகுதி ஆகியவை வேண்டாம். பிறர் பிள்ளையின் முகம் தெரியும் படத்துக்கு அந்தப் பிள்ளையின் பெற்றோர் அனுமதி வேண்டும்.

10. எழுத்தும் திருத்தமும்

நம் பிள்ளைகளுக்குத் தேர்வுக் கட்டுரை எழுதிப் பழக்கம். முன்னுரை, கருத்து, முடிவுரை, நடுவில் ஒரு திருக்குறள். செய்திக்கு இது நேர் எதிர். வெள்ளிக்கிழமை காலை உங்கள் கைக்கு வரும் முதல் வரைவு இப்படித்தான் இருக்கும்:

‘உலகம் இன்று நவீனத்தை நோக்கி வீறுநடை போடுகிறது. இருப்பினும் மாற்றுத்திறனாளிகள் பல இன்னல்களை எதிர்நோக்குகின்றனர் என்றால் அது மிகையாகாது.’

பிள்ளையைத் திட்டாதீர்கள். பள்ளியில் இதற்குத்தான் மதிப்பெண். ‘நேற்று வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் முதலில் என்ன சொன்னாய்?’ என்று மட்டும் கேளுங்கள். ‘இருநூறு மீட்டருக்குள் ஒன்பது மோட்டார் நின்னுச்சும்மா, ஒரு தாத்தா சாலையில இறங்கித்தான் நடந்தாரு’ என்று பதில் வரும். அதை எழுத்துத் தமிழில் வைத்தால் முதல் பத்தி தயார்:

‘பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றோருக்கான நடைபாதையில் புதன்கிழமை காலை 200 மீட்டர் தூரத்துக்குள் 9 மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தப்பட்டிருந்தன. அவற்றைக் கடக்க, வெள்ளைக்கோலோடு வந்த முதியவர் சாலையில் இறங்கி நடந்தார்.’

எண்கள் பயிற்சிக்காகப் போட்டவை. ஆனால் மாற்றம் இதுதான்: கண்டது முன்னால், கருத்து வெளியே. ‘மிகையாகாது’, ‘வெள்ளிடைமலை’, ‘என்பதில் ஐயமில்லை’ மூன்றையும் பலகையில் எழுதி ஐந்து நாளுக்கு விடுப்புக் கொடுத்துவிடுங்கள்.

ஒரு செய்திக்கு 250 முதல் 300 சொல். திருத்தம் மூன்று சுற்று. மூன்றையும் ஒரே நேரத்தில் செய்யக் கூடாது. முதல் சுற்றில் எண், தேதி, பெயர் ஒவ்வொன்றின் கீழும் கோடு போட்டு, ஓரத்தில் ‘இது எங்கிருந்து’ என்று மாணவரே எழுத வேண்டும். எழுத முடியாதது வெட்டப்படும். இரண்டாம் சுற்றில் ஒருதலைப்பட்சம்: குறை சொல்லப்பட்டவருக்குப் பேச வாய்ப்புக் கொடுத்தோமா? மூன்றாம் சுற்றில்தான் வல்லினம் மிகுதலும் ஒற்றும். இதை முதலில் செய்தால் பிள்ளை எழுத்துப் பிழையைத் திருத்திக்கொண்டே பொய்த் தகவலை விட்டுவிடும்.

ஊர்ப் பெயர் எழுதும் முறைக்கு ஒரு பக்கப் பட்டியல் அடித்து எல்லா மேசையிலும் வையுங்கள்: கிள்ளான், ஷா ஆலம், பெட்டாலிங் ஜெயா, சிரம்பான். இல்லாவிட்டால் ஒரே இதழில் ஓர் ஊர் மூன்று விதமாக வரும்.

புலனத்தில் வந்த தகவலைச் சரிபார்க்க செபெனார்ஞா.மை (sebenarnya.my) தளத்தைப் பழக்குங்கள். எண்ணிக்கை வேண்டுமானால் அரசின் திறந்த தரவுத் தளமான டேட்டா.கவ்.மை (data.gov.my) தளத்தில் பொதுப் போக்குவரத்துப் பயணிகள் எண்ணிக்கை நாள்வாரியாகக் கிடைக்கிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலியில் செய்தி எழுதுவதை முதல் நாளே தடை செய்யுங்கள். பார்க்காத இடத்தை அது பார்த்ததுபோல் எழுதிவிடும். சந்தேகம் வந்தால் களக் குறிப்பேட்டைக் கேளுங்கள்.

11. அச்சிடும் முன் சட்டம்

பலர் அறியாமல் மாட்டிக்கொள்ளும் இடம் இது. 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தில் செய்தித்தாள் என்பதன் பொருள் மிக விரிவானது. விற்பனைக்கு மட்டுமல்ல, இலவசமாகக் கொடுப்பதும், ஒழுங்கற்ற இடைவெளியில் வருவதும் அதில் அடங்கும். செய்தித்தாள் வெளியிட உள்துறை அமைச்சின் பெர்மிட் வேண்டும். ஆகவே உங்கள் இதழைப் பட்டறையின் பயிற்சித் தொகுப்பாக ஒரே முறை, பங்கேற்பாளர், பெற்றோர், பேட்டி தந்தவர் அளவோடு நிறுத்துங்கள். கடைகளில் வைக்கவோ ஆலய வாசலில் விநியோகிக்கவோ எண்ணினால், முன்கூட்டியே அமைச்சிடம் எழுதிக் கேளுங்கள். எப்படியானாலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இதழில் இருக்க வேண்டும்.

முகநூலில் போட்டால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். முறையற்ற இணையப் பதிவுகளைக் குற்றமாக்கும் 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு அங்கே இருக்கிறது. வழக்கில் சம்பந்தப்பட்ட சிறாரை அடையாளம் காட்டும் பெயர், படம், பள்ளி, முகவரி எதுவும் வரக் கூடாது. இது 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டத்தின் 15ஆம் பிரிவு. இனம், சமயம், அரச குடும்பம் தொடர்பான வரி எதுவாக இருந்தாலும் மூத்த பயிற்றுநர் ஒருவர் கண்ணில் படாமல் பக்கத்தில் ஏறக் கூடாது.

12. பக்கமும் அச்சும்

இரண்டு ஏ3 தாள், இருபக்கமும் அச்சு, நடுவில் மடித்தால் 8 பக்கம். பக்க வரிசையில்தான் தவறு வரும். முதல் தாளின் வெளிப்புறம் இடமிருந்து 8, 1. உட்புறம் 2, 7. இரண்டாம் தாளின் வெளிப்புறம் 6, 3. உட்புறம் 4, 5. அச்சுப் பொறியில் குறுகிய பக்கமாகத் திருப்பச் சொல்லுங்கள். நீளப் பக்கமாகத் திருப்பினால் பாதிப் பக்கம் தலைகீழாக வரும். சாதாரணத் தாளில் 1 முதல் 8 வரை கையால் எழுதி மடித்த மாதிரியைக் கடைக்காரரிடம் கொடுங்கள். வாயால் விளக்குவதைவிட அது மேல்.

பக்க அமைப்பு மென்பொருளான அடோபி இன்டிசைனில் தமிழை ஒட்டினால் ‘கொ’, ‘கெ’ போன்றவற்றின் கொம்பு இடம் மாறி நிற்கும். பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட் ரெடி’ கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். பணம் கட்டாமல் செய்ய ஸ்கிரைபஸ் 1.6 போதும், அதில் தமிழ் ஒழுங்காக வருகிறது. ஒருங்குறி எழுத்துரு ஒன்றையே இதழ் முழுக்க வையுங்கள். நோட்டோ செரிஃப் தமிழ் நல்லது. கடைக்கு பி.டி.எஃப். மட்டும் கொடுங்கள், எழுத்துரு உள்ளே பதிந்ததாக. வேர்டு கோப்பைக் கொடுத்தால் கடைக் கணினியில் எழுத்து கட்டம் கட்டமாகிவிடும்.

படத்தைப் புலனத்தில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். 9 செ.மீ. அகலப் படத்துக்கு ஏறத்தாழ 1,060 பிக்சல் போதும். முழுப்பக்க அகலம் 21 செ.மீ. என்றால் 2,480 வேண்டும்.

கணக்கு: 100 பிரதி, பிரதிக்கு 2 தாள், தாளுக்கு 2 பக்கம், பக்கத்துக்கு 1 ரிங்கிட், ஆக 400. வண்ணத்துக்குக் கூடுதலாகக் கேட்டால் வெளித்தாளை மட்டும் வண்ணத்தில் போடுங்கள். வெள்ளி மாலை 6 மணிக்குக் கோப்பு, சனி காலை 9 மணிக்கு ஒரே ஒரு மாதிரிப் பிரதி, மதியம் 1 மணிக்கு முழுவதும் என்று இரண்டு வாரம் முன்பே கடையில் பதிவு செய்யுங்கள். சனிக்கிழமை திறப்பார்களா என்று கேட்க மறக்காதீர்கள். மாதிரிப் பிரதியில் எல்லா வரியையும் படிக்க நேரம் இருக்காது. தலைப்புகள், பெயர்கள், படக்குறிப்புகள் மூன்றையும் மாணவர்களே சத்தமாகப் படிக்கட்டும்.

13. முடிந்த பின் இரண்டு வாரத்தில்

முன்பணத்தைச் சனிக்கிழமையே திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். நன்கொடையாளருக்கு ரசீதும் வரவு செலவும் ஒரு வாரத்துக்குள் போகட்டும். அடையாள அட்டை நகல்களையும் மருத்துவக் குறிப்புகளையும் கிழித்து அழித்துவிடுங்கள். படம் வேண்டாம் என்ற பெற்றோரின் பிள்ளை எந்தப் பதிவிலும் இல்லை என்று மறுபடி பாருங்கள்.

பேட்டி கொடுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதியை அந்தச் செய்தியை எழுதிய மாணவர்களே, பெரியவர் ஒருவர் துணையோடு, கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இதற்காக 15 பிரதிகளை முன்பே எடுத்து வைத்துவிடுங்கள்; பெற்றோர் வந்த பிறகு ஒன்றும் மிஞ்சாது. பார்வையற்றவர் என்றால் பிரதியோடு, மாணவரே செய்தியை வாசித்துப் பதிந்த ஒலிக்கோப்பும் அவருடைய கைப்பேசிக்குப் போகட்டும். 300 சொல்லை வாசிக்க மூன்று நிமிடம் ஆகும்.